வால்வு ரேடியோவில் பழைய கெப்பாசிட்டர்களை மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடப்புத்தகம் மின்தேக்கி என்கிறது. பழைய மெக்கானிக்குகள் கண்டன்சர் என்பார்கள். இன்றைய கடைக்காரர் கெப்பாசிட்டர் என்றால்தான் எடுத்துத் தருகிறார். மூன்றும் ஒரே பொருளே. இங்கே தரப்படும் விடைகள், 1950களிலும் 60களிலும் நம் வீடுகளின் கூடத்தில் இருந்த, மாறுமின்சாரத்தில் ஓடும் ஐந்து வால்வு ரேடியோவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வரும் அலையை இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றித் தர இ.சி.எச். 81, அந்த அதிர்வெண்ணைப் பெருக்க இ.எஃப். 89, ஒலிக்குறியைப் பிரித்துப் பெருக்க இ.பி.சி. 81, ஒலிபெருக்கியை இயக்க இ.எல். 84, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாகத் திருத்த இ.இசட். 80 என்ற ஐந்தும் அடங்கிய அமைப்பு அக்காலத்தில் மிகப் பரவலாக இருந்தது. வேறு வால்வுகள் உள்ள பெட்டிகளில் எண்கள் சற்று மாறும், காரணங்கள் மாறா.

பரணிலிருந்து இறக்கிய ரேடியோவை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு வேலையைத் தொடங்கலாமா?

கூடாது. நான் கையில் எடுத்த முதல் பெட்டியை அப்படித்தான் போட்டுப் பார்த்தேன். உடனே டயல் விளக்கு எரிந்தது, இரண்டாவது நிமிடத்தில் பாட்டும் வந்தது. வீட்டார் எல்லோரும் வந்து நின்றார்கள். இருபது நிமிடம் கழித்துக் குரல் கரகரத்து, மெழுகு உருகும் வாடை வந்து, பிறகு எதுவும் கேட்கவில்லை. ஒலிபெருக்கிக்கு ஒலிக்குறியைக் கொண்டுசேர்க்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்று அறுந்துபோயிருந்தது. சில ரூபாய் பெறும் ஒரு கெப்பாசிட்டரை முதலில் மாற்றாததால், கிடைப்பதற்கரிய ஒரு டிரான்ஸ்ஃபார்மரைத் தேடி மாதக்கணக்கில் அலைந்தேன். பாடுகிற ரேடியோ நல்ல நிலையில் இருக்கிறது என்று நினைப்பதுதான் இந்த வேலையில் நேரும் முதல் தவறு.

எந்த வகைக் கெப்பாசிட்டர்கள் கெட்டுப்போகின்றன?

இரண்டு வகைகளைச் சந்தேகமின்றிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். முதலாவது மெழுகுத்தாள் வகை. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே மெழுகில் ஊறிய தாளை வைத்துச் சுருட்டி, அட்டைக் குழாயில் அடைத்து, இரு முனைகளையும் மெழுகாலோ தாராலோ மூடியிருப்பார்கள். அந்த மூடல் காற்றுப் புகாத மூடல் அன்று. ஐம்பது அறுபது ஆண்டுகளில் ஈரம் உள்ளே இறங்குகிறது. தாளும் நாட்பட்டு இற்று அமிலத்தன்மை அடைகிறது. மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய தாள் அதைக் கசியவிடத் தொடங்குகிறது. வால்வுகளைத் தாங்கும் உலோகத் தட்டான சேசிஸின் அடியில் சூடு தேங்குவதால் இது இன்னும் விரைவாக நடக்கும். கடற்கரை ஊர்களில் இருந்த பெட்டிகளில் நான் கண்டவரை நிலைமை மேலும் மோசம். கறுப்புத் தார் பூசியவையும், வார்த்த பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்தவையும் பார்வைக்கு உறுதியாகத் தோன்றினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே தாள்தான். பிளாஸ்டிக் உறையில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாவது எலக்ட்ரோலைட்டிக் வகை. இதில் அலுமினியத் தகட்டின்மேல் படிந்திருக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலமே காப்புப் பொருள். மின்னழுத்தம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் படலம் வலுவிழக்கிறது. உள்ளிருக்கும் ஈரப்பசையான வேதிப்பொருள் மெல்ல உலர்ந்து கொள்ளளவு குறைகிறது. ரேடியோவைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் எழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

மைக்கா, செராமிக் வகைகளுக்கு இந்த நோய்கள் அரிது. நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் கேங் கண்டன்சருக்குத் தூசி தட்டிச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு எதுவும் தேவைப்படாது. 1960களின் பிலிப்ஸ் பெட்டிகளில் காணப்படும் கடுகு மஞ்சள் நிறப் பாலியெஸ்டர் கெப்பாசிட்டர்கள் இன்றும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கின்றன. அவற்றை மாற்றுவது வீண் வேலை.

கெட்டதை மட்டும் கண்டுபிடித்து மாற்றினால் போதாதா?

மெழுகுத்தாள் வகையையும் எலக்ட்ரோலைட்டிக் வகையையும் பொறுத்தவரை நான் ஒன்றைக்கூட விட்டுவைப்பதில்லை. இன்று கசியாதது, பெட்டி இரண்டு மணி நேரம் சூடேறிய பின் கசியலாம். ஒரு பெட்டியில் இவை பத்திலிருந்து பதினைந்துவரை இருக்கும். ஒரு நாள் வேலை. மைக்காவை மாற்றும் ஆர்வத்தை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். அவை இசைவுச் சுற்றுகளில் துல்லியமாகத் தேர்ந்து வைக்கப்பட்டவை. காரணமின்றித் தொட்டால் நிலையங்கள் டயலில் எழுதிய இடத்தில் வராது.

சேசிஸைத் தொடும் முன் என்ன செய்ய வேண்டும்?

பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, கண்ணில் படும் இடத்தில் மேசைமீது வையுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிறகு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்னூட்டத்தை வடிக்க வேண்டும். 250 முதல் 300 வோல்ட் வரை அவற்றில் நின்றிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் மின்தடை ஒன்றின் ஒரு முனையைச் சேசிஸில் கவ்வியால் மாட்டி, மறு முனையைக் காப்பிட்ட பிடியால் பிடித்து, கெப்பாசிட்டரின் நேர்முனையில் பத்து விநாடி வையுங்கள். ஸ்குரூ டிரைவரால் குறுக்கே தட்டி வடிக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அந்தத் தீப்பொறி கெப்பாசிட்டருக்கும் நல்லதன்று, கண்ணுக்கும் நல்லதன்று. வடித்த பின் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டே விரலை வையுங்கள்.

மின்வழங்கு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், மாறுமின்சாரம், நேர்மின்சாரம் இரண்டிலும் ஓடும் ஏசி/டிசி வகைப் பெட்டிகளுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. யு.சி.எச். 81, யு.எல். 84 என ‘யு’ எழுத்தில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் அது இந்த வகையாக இருக்கலாம். இவற்றில் சேசிஸே மின்கம்பியின் ஒரு முனையோடு நேரடியாக இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பி மாட்டினால் சேசிஸ் முழுவதிலும் 230 வோல்ட் நிற்கும். பெட்டியை மின்கம்பியிலிருந்து தனிப்படுத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இவற்றை மின்சாரத்தில் வைத்துச் சோதிக்கக் கூடாது. இது உங்கள் முதல் ரேடியோ என்றால், இந்த வகையை ஒதுக்கிவைத்துவிட்டு வேறொன்றில் தொடங்குங்கள்.

முதலில் மாற்ற வேண்டியது எது?

இ.பி.சி. 81 வால்வின் ஆனோடிலிருந்து (நேர் உயரழுத்தம் பெறும் முனை) இ.எல். 84 வால்வின் கிரிட்டுக்குப் (வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) போகும் இணைப்புக் கெப்பாசிட்டர். பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட், சில பெட்டிகளில் 0.02. அளவில் சிறியதான இதுவே பெட்டியின் உயிர்நாடி.

ஒரு பக்கம் சுமார் 90 வோல்ட் நேர் அழுத்தம் நிற்கிறது, மறுபக்கம் இ.எல். 84 வால்வின் கிரிட், 680 கிலோ ஓம் மின்தடை வழியாகச் சேசிஸோடு சேர்ந்து பூச்சிய வோல்ட்டில் இருக்க வேண்டும். ஒலிக்குறியை மட்டும் கடத்திவிட்டு நேர்மின்சாரத்தை முற்றிலும் தடுப்பதே கெப்பாசிட்டரின் வேலை. அது கெட்டு, 10 மெகா ஓம் அளவுக்குக் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மெகா ஓம் என்பது கேட்பதற்குப் பெரிய தடையாகத் தோன்றும். ஆனால் 680 கிலோ ஓமோடு அது தொடராக நிற்கும்போது கிரிட்டில் ஏறத்தாழ 5.7 வோல்ட் நேர் அழுத்தம் தோன்றிவிடுகிறது. இ.எல். 84 ஒழுங்காக இயங்க, கிரிட்டானது, எலக்ட்ரான்களை வெளியிடும் முனையான கேத்தோடைவிடச் சுமார் 7 வோல்ட் கீழே இருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டின் பெரும்பகுதியைக் கசிவு தின்றுவிட்டால் வால்வின் மின்னோட்டம் கட்டுமீறுகிறது. 12 வாட் வரை மட்டுமே தாங்கக்கூடிய ஆனோடு சிவந்து காய்கிறது. அதே மின்னோட்டம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவும், இ.இசட். 80 வழியாகவும், மின்வழங்கு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவும் ஓடுவதால் மூன்றும் சேர்ந்து வதைபடுகின்றன. இவ்வளவும் நடக்கும்போது ரேடியோ பாடிக்கொண்டுதான் இருக்கும். குரலில் லேசான கரகரப்பு மட்டுமே தெரியும். என் முதல் பெட்டியில் நடந்தது இதுவே.

மல்டிமீட்டரில் அளந்தேன், கொள்ளளவு சரியாகவே காட்டுகிறது. இருந்தும் மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டும். மல்டிமீட்டர் ஓரிரு வோல்ட்டில்தான் சோதிக்கிறது. கெப்பாசிட்டரோ 90 அல்லது 250 வோல்ட்டில் நின்று வேலை செய்கிறது. குறைந்த அழுத்தத்தில் ஒழுங்காகத் தெரியும் தாள், அதிக அழுத்தத்தில் கசியும். கசியும் கெப்பாசிட்டரை எளிய மீட்டர்கள் உண்மையைவிட அதிகக் கொள்ளளவு உடையதாகவும் காட்டும், 0.01 என்று அச்சிட்டது 0.014 என்று காட்டினால் அது நாளடைவில் வளர்ந்துவிடவில்லை, கசிகிறது என்று பொருள்.

உண்மையைத் தெரிந்துகொள்ள விரும்பினால், மின்வழங்கு பகுதியைச் சரிசெய்த பிறகு இணைப்புக் கெப்பாசிட்டரின் கிரிட் பக்க முனையை மட்டும் கழற்றி, அந்த முனைக்கும் சேசிஸுக்கும் நடுவே மீட்டரை நேர்மின்னழுத்த (டிசி) நிலையில் வைத்து ரேடியோவைப் போடுங்கள். வழக்கமான டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். நல்ல கெப்பாசிட்டர் என்றால் முள்போல ஓர் ஏற்றம் காட்டிப் பூச்சியத்துக்கு இறங்கிவிடும். 100 மெகா ஓம் கசிவு இருந்தால்கூட மீட்டர் 8 வோல்ட்டுக்கு மேல் காட்டி அப்படியே நிற்கும். கழற்றிய பழைய கெப்பாசிட்டர்களில் நான்கைந்தை இப்படிச் சோதித்துப் பார்த்தால், ‘எல்லாவற்றையுமா மாற்ற வேண்டும்’ என்ற கேள்வி தானாக மறைந்துவிடும்.

புதிய கெப்பாசிட்டரைப் போட்ட பிறகும் இ.எல். 84 கிரிட்டில் நேர் அழுத்தம் தெரிந்தால் வால்வையே சந்தேகிக்க வேண்டும். வால்வைக் கழற்றி ஒரு சில விநாடிகள் மட்டும் அளந்து பாருங்கள். அழுத்தம் மறைந்தால் குற்றம் வால்வினுடையது. சுமை குறைந்து உயரழுத்தம் ஏறுமென்பதால் அந்த நிலையில் நெடுநேரம் விடக் கூடாது. ஏசி/டிசி பெட்டிகளில் இந்த உபாயம் செல்லாது. அங்கே ஒரு வால்வைக் கழற்றினால் எல்லாமே அணைந்துவிடும்.

ஏவிசி (நிலையத்தின் வலிமைக்கேற்ப ஒலியைத் தானாகச் சமன்செய்யும் அமைப்பு) பாதையில் உள்ள கெப்பாசிட்டரில் உயரழுத்தம் எதுவும் இல்லையே, அதை ஏன் மாற்ற வேண்டும்?

அங்கே சில வோல்ட் எதிர் அழுத்தமே இருக்கும் என்பது சரிதான். ஆனால் அந்த அழுத்தம் 1 அல்லது 2 மெகா ஓம் மின்தடை வழியாக வந்து சேர்கிறது. கெப்பாசிட்டரும் அதே 1 மெகா ஓம் அளவில் கசிந்தால் கட்டுப்பாட்டு அழுத்தம் பாதியாகிவிடும். விளைவாக உள்ளூர் நிலையம் அலறும், சமயத்தில் சிதைந்தும் கேட்கும். இரவில் தொலைவிலிருந்து வரும் நிலையம் ஏறி இறங்கி ஊசலாடும். இலங்கை வானொலி அலைபோல வந்து போனதற்கு வானத்தை மட்டுமே குறைசொன்ன வீடுகளில், பாதிக் குற்றம் இந்த 0.1 மைக்ரோஃபாரடினுடையதாக இருந்திருக்கலாம்.

பழைய அளவுகள் கடையில் கிடைப்பதில்லை. எதை வாங்குவது?

பக்கத்து அளவை வாங்கலாம். 0.05 என்றால் 0.047, 0.02 என்றால் 0.022, 0.005 என்றால் 0.0047. எலக்ட்ரோலைட்டிக்கில் 8க்கு 10, 16க்கு 22, 32க்கு 33, 50க்கு 47. பழைய தாள் கெப்பாசிட்டர்கள் புதிதாக இருந்தபோதே இருபது விழுக்காடு கூடக்குறைய இருந்தவை. ஆகவே இந்த வேறுபாடு பொருட்டன்று.

எழுதும் முறையில்தான் குழப்பம் வரும். பழைய உறையில் எம்.எஃப்.டி. என்றிருந்தால் அது மைக்ரோஃபாரட். ஐரோப்பிய வரைபடங்களில் ‘10கே’ என்றிருந்தால் 10,000 பிக்கோஃபாரட், அதாவது 0.01 மைக்ரோஃபாரட். இன்றைய கெப்பாசிட்டரில் அதுவே 103 என்று அச்சாகியிருக்கும். பத்தோடு மூன்று பூச்சியம் சேர்த்துப் பிக்கோஃபாரடில் படிக்க வேண்டும். 223 என்றால் 0.022, 473 என்றால் 0.047, 104 என்றால் 0.1.

எத்தனை வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் வேண்டும்?

சேசிஸின் அடியில் வரும் எல்லாத் தாள் கெப்பாசிட்டர்களுக்கும் 630 வோல்ட் பாலியெஸ்டர் போட்டுவிட்டால் இடத்துக்கிடம் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. மின்கம்பி, ஏரியல் பக்கம் உள்ளவற்றைப் பின்னர் பார்ப்போம். அவற்றைத் தவிர ஒரே விலக்கு, இ.எல். 84 ஆனோடில் உள்ள 2,000 முதல் 5,000 பிக்கோஃபாரட் வரையிலான கெப்பாசிட்டர். ஒலியின் உச்சத்தில் அந்த ஆனோடின் அழுத்தம் வழங்கு அழுத்தத்தைப்போல இரு மடங்கை நெருங்கும். அதற்கு 1,000 வோல்ட்டுக்குக் குறையாதது வேண்டும், 1,600 கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தக் கெப்பாசிட்டர் ஆனோடிலிருந்து சேசிஸுக்குப் போகும் பெட்டிகளில் அது குறுக்கிணைந்தால் (ஷார்ட் ஆனால்) அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்று முழு உயரழுத்தத்தையும் தாங்க நேர்ந்து கருகிவிடும்.

எலக்ட்ரோலைட்டிக்குக்கு 450 வோல்ட். பழையதில் 350 என்று எழுதியிருந்தாலும் 450 வாங்குங்கள். இ.இசட். 80 கிடைக்காத நாட்களில் பல மெக்கானிக்குகள் அதன் இடத்தில் இரண்டு 1என்4007 டயோடுகளைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். வால்வு மெல்லச் சூடேறி மின்சாரம் தரும். டயோடோ சுவிட்சைப் போட்ட கணத்திலேயே தந்துவிடும். மற்ற வால்வுகள் சூடேறி மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்கும்வரை, 250-0-250 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் கெப்பாசிட்டரின்மேல் ஏறத்தாழ 353 வோல்ட் நிற்கும்.

விலை உயர்ந்த ‘ஆடியோ’ கெப்பாசிட்டர்களைப் போட்டால் ஒலி மேம்படுமா?

மத்திய அலை ரேடியோவில் ஐந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதற்கே அதிகம் எதுவும் இல்லை. சாதாரணப் பாலியெஸ்டர் போதும்.

சீலிங் ஃபேன் கெப்பாசிட்டரைப் பயன்படுத்தலாமா?

சிரிக்கத் தோன்றினாலும் இது நியாயமான கேள்வி. ஃபேன் கெப்பாசிட்டர் பிளாஸ்டிக் படல வகை, 440 வோல்ட் மாறுமின்னழுத்தத்தைத் தாங்கும், எளிதில் உலராது. ஆனால் அதன் அளவு வழக்கமாக 2.5 மைக்ரோஃபாரட் மட்டுமே. 32 மைக்ரோஃபாரட் வேண்டிய இடத்தில் அது நின்றால் உறுமல்தான் மிஞ்சும். சென்னை ரிச்சி தெருவிலும், பெரிய ஊர்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் 450 வோல்ட் எலக்ட்ரோலைட்டிக் கிடைக்கையில் அந்தச் சுற்றுவழி எதற்கு?

எலக்ட்ரோலைட்டிக் டப்பாவில் பல முனைகள் இருக்கின்றன. எது எதற்கு?

ஒரே அலுமினிய டப்பாவுக்குள் இரண்டு அல்லது மூன்று கெப்பாசிட்டர்கள் இருக்கும். அடியில் உள்ள முனைகளின் அருகே சிவப்புப் புள்ளி, முக்கோணம், சதுரம் போன்ற அடையாளங்களும், டப்பாவின் பக்கவாட்டில் அவற்றுக்குரிய அளவுகளும் காணப்படும். டப்பாவே பொது எதிர்முனை. இங்கே ஒரு பொறி உண்டு: டப்பா எப்போதும் சேசிஸோடு சேர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டப்பாவுக்கும் சேசிஸுக்கும் நடுவே அட்டை வளையம் இருந்தால், அதன் எதிர்முனை டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனைக்குப் போகிறது என்று பொருள். அங்கிருந்து ஒரு சிறு மின்தடை வழியாகவே சேசிஸுக்கு வரும், அந்த மின்தடையின் மேல் தோன்றும் அழுத்தமே வால்வுகளுக்கு எதிர் அழுத்தம் தருகிறது. புதிய கெப்பாசிட்டரின் எதிர்முனையையும் அதே இடத்தில்தான் சேர்க்க வேண்டும். சேசிஸில் சேர்த்தால் உறுமல் தீராது.

பழைய டப்பாவை அழகுக்காக அங்கேயே விட்டுவைக்கலாம். ஆனால் அதன் கம்பிகள் அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். பழையதோடு இணையாகப் புதியதை ஒட்டிவைத்து உறுமல் நின்றது என்று மகிழ்வது, கசிவை அப்படியே வைத்துக்கொண்டு அறிகுறியை மட்டும் மறைப்பதாகும். நேர், எதிர் முனைகளை மாற்றிப் போட்டால் புதிய எலக்ட்ரோலைட்டிக் சூடாகி வெடிக்கும். மின்சாரம் கொடுக்கும் முன் இரண்டு முறை பாருங்கள்.

உறுமல் அடியோடு ஒழிய 32க்குப் பதில் 220 மைக்ரோஃபாரட் போடலாமா?

இ.இசட். 80 வால்வை அடுத்து வரும் முதல் கெப்பாசிட்டரில் கூடாது. ஒவ்வொரு அலையிலும் அதை நிரப்பும் வேலை இ.இசட். 80 வால்வினுடையது, அந்த வால்வுக்கு விதிக்கப்பட்ட மேல்வரம்பு 50 மைக்ரோஃபாரட். அதற்கு மேல் போனால் கேத்தோடு தாங்காத அளவுக்கு மின்னோட்டம் பாய்ந்து வால்வு விரைவில் மடியும். இரண்டாவது கெப்பாசிட்டரில் ஓரளவு கூட்டலாம், தேவையும் பெரும்பாலும் இராது.

பழைய எலக்ட்ரோலைட்டிக்கை மெல்ல மெல்ல அழுத்தம் கொடுத்து மீட்க முடியாதா?

முடியும். உயர் மின்தடை வழியாக அழுத்தத்தைப் பல மணி நேரம் சிறிது சிறிதாக ஏற்றினால் ஆக்சைடு படலம் மீண்டும் உருவாகும். பரணிலேயே கிடக்காமல் அவ்வப்போது ஓடிக்கொண்டிருந்த ரேடியோக்களின் கெப்பாசிட்டர்களுக்கு இது பலன் தரலாம். ஆனால் உலர்ந்துபோன வேதிப்பொருளை எந்த அழுத்தமும் திரும்பக் கொண்டுவராது. அருங்காட்சியகத்துக்கான பெட்டி என்றால் முயன்று பாருங்கள். தினமும் பாட்டுக் கேட்க என்றால் வேண்டாம்.

பழைய கெப்பாசிட்டரின் ஒரு முனையில் கறுப்புக் கோடு இருக்கிறது. அது எதிர்முனையா?

இல்லை. தாள் கெப்பாசிட்டருக்கு நேர், எதிர் கிடையாது. சுருளின் வெளிப்புறத் தகடு எந்த முனையில் இருக்கிறது என்பதை அக்கோடு காட்டுகிறது. அந்த முனையைச் சேசிஸ் பக்கமாகவோ, முந்தைய வால்வின் ஆனோடு பக்கமாகவோ வைத்தால் வெளித்தகடு உள்ளே இருப்பதற்குத் திரையாக நின்று இரைச்சலைக் குறைக்கும். புதிய பாலியெஸ்டரில் பெரும்பாலும் இந்த அடையாளமே இருப்பதில்லை; கவலைப்பட வேண்டாம்.

கழற்றுவதிலும் ஈயம் வைப்பதிலும் கவனிக்க வேண்டியவை என்ன?

ஒரு நேரத்தில் ஒன்று. பழையதைக் கழற்றி, அதே இடத்தில் புதியதை வைத்து, வரைபடத்தில் டிக் அடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டிக் குவித்துவிட்டு, பத்து ஓட்டைகளையும் பத்து கெப்பாசிட்டர்களையும் பார்த்துத் திகைத்து நின்றவர்கள் கொண்டுவரும் பெட்டிகளைச் சரிசெய்வதுதான் மிகக் கடினம். தொடங்கும் முன் கைப்பேசியில் நான்கைந்து கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே ஏதோ ஒரு மெக்கானிக் மாற்றியிருப்பார் என்பதால், பெட்டியில் இருப்பதை மட்டும் நம்பாமல் வரைபடத்தோடும் ஒப்பிடுங்கள்.

வால்வுத் தாங்கிகளின் முனைகள் வயதானவை, இழுத்தால் ஒடியும். ஒரு முனையில் நான்கைந்து கம்பிகள் முறுக்கிக் கிடந்தால் பிரிக்க முயலாதீர்கள். பழைய கெப்பாசிட்டரின் கம்பியை அதன் உடலுக்கு அருகே வெட்டி, மிஞ்சிய கம்பியைச் சிறு கொக்கியாக வளைத்து, புதியதன் கம்பியை அதில் மாட்டி ஈயம் வையுங்கள். சேசிஸிலேயே வைத்த ஈயத்தை உருக்க 25 வாட் சால்டரிங் அயன் போதாது. உலோகத் தகடு சூட்டை உறிஞ்சிவிடும், 80 அல்லது 100 வாட் வேண்டும். புதியதன் கம்பிகளைக் குட்டையாக வெட்டி, பழையது கிடந்த பாதையிலேயே கிடத்துங்கள். இ.எஃப். 89 பக்கம் நீண்ட கம்பிகள் வளைந்து தொங்கினால் ரேடியோ விசிலடிக்கத் தொடங்கிவிடும்.

உள்ளே பார்த்தால் பழைய தோற்றமே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வழி உண்டா?

உண்டு, பொறுமையும் வேண்டும். மெழுகுத்தாள் கெப்பாசிட்டரை ஹேர் டிரையரால் சூடாக்கினால் முனை மெழுகு இளகும். கம்பியைப் பிடித்துத் தள்ளினால் உள்ளிருக்கும் சுருள் வெளியே வந்துவிடும். இன்றைய 630 வோல்ட் பாலியெஸ்டர் அந்த அட்டைக் குழாயில் தாராளமாக அடங்கும். அதை உள்ளே வைத்து, இரு முனைகளையும் உருக்கிய மெழுகால் மூடினால், அச்சிட்ட எழுத்துகள் உட்பட எல்லாம் பழையபடியே இருக்கும். எலக்ட்ரோலைட்டிக் டப்பாவை அடிவிளிம்புக்குச் சற்று மேலே சிறு ரம்பத்தால் அறுத்து, உள்ளே இருப்பதை நீக்கி, புதியவற்றை வைத்து மீண்டும் ஒட்டலாம். கையுறை அணிந்துகொண்டு செய்யுங்கள். எண்ணெய் நிரப்பி முற்றிலும் மூடிய உலோகப் பெட்டி வகையை மட்டும் அறுக்காதீர்கள். அக்கால எண்ணெய்கள் சிலவற்றில் பிசிபி எனப்படும் நச்சு வேதிப்பொருள் உண்டு.

மின்கம்பி நுழையும் இடத்தில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. அதற்கும் 630 வோல்ட் போதுமா?

போதாது. இரண்டு மின்கம்பிகளுக்கும் குறுக்கே இருப்பதற்கு எக்ஸ்2 என்று குறித்ததும், கம்பியிலிருந்து சேசிஸுக்குப் போவதற்கு ஒய்2 என்று குறித்ததும் மட்டுமே பொருந்தும். எக்ஸ் வகை பழுதானாலும் தீப்பிடிக்காதபடியும், ஒய் வகை குறுக்கிணைந்து மனிதரைத் தாக்காதபடியும் வடிவமைக்கப்பட்டவை. ஏசி/டிசி பெட்டிகளில் ஏரியல் துளைக்கும் சேசிஸுக்கும் நடுவில் உள்ள கெப்பாசிட்டரும் ஒய் வகையாகவே இருக்க வேண்டும். ஏரியல் கம்பியைத் தொடும் கைக்கும் மின்கம்பிக்கும் நடுவே அது ஒன்றே நிற்கிறது.

எல்லாம் மாற்றியாயிற்று. முதன்முறை எப்படிப் போடுவது?

நம் எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் சீரிஸ் பல்பு இங்கே கைகொடுக்கும். 60 முதல் 100 வாட் வரையிலான பழைய குண்டு பல்பை ரேடியோவோடு தொடராக இணையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. முதலில் இ.இசட். 80 வால்வைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்: டயல் விளக்கும் வால்வுகளின் இழைகளும் மங்கலாக எரிய, சீரிஸ் பல்பு ஏறத்தாழ அணைந்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் நலம். பிறகு அந்த வால்வை மாட்டுங்கள். பல்பு சற்றே கூடுதலாக மினுங்குவது இயல்பு. பளீரென்று எரிந்து அப்படியே நின்றால் உடனே அணைத்து, எலக்ட்ரோலைட்டிக்கின் முனைகளைப் பாருங்கள்.

அதுவும் சரியாக இருந்தால் பல்பை நீக்கிவிட்டு நேரடியாகப் போட்டு, இ.எல். 84 வால்வின் கேத்தோடு அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். 150 ஓம் மின்தடையில் 7 வோல்ட் என்றால் மின்னோட்டம் சுமார் 47 மில்லி ஆம்பியர், திருப்தியாக இருக்கலாம். 10 வோல்ட்டைத் தாண்டினால் அணைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். மின்னழுத்தத் தேர்வு முளையையும் மறக்க வேண்டாம்: அது 200 அல்லது 220இல் நின்றிருந்து உங்கள் வீட்டில் 240 வோல்ட் வருகிறதென்றால், பெட்டியில் 245 என்ற நிலை இருக்கும்பட்சத்தில் அதற்கு மாற்றுங்கள்.

கெப்பாசிட்டர்களை மாற்றிய பிறகும் ஒலி குறைவாக இருக்கிறதே?

மின்தடைகளை அளந்து பாருங்கள். பழைய கார்பன் மின்தடைகள் வயதாக ஆக மேல்நோக்கி நகரும். 220 கிலோ ஓம் 350 ஆகியிருப்பது அதிசயமன்று. அச்சிட்ட அளவிலிருந்து இருபது விழுக்காட்டுக்கு மேல் விலகியவற்றை மாற்றுங்கள். இ.எல். 84 கேத்தோடில் உள்ள 25 அல்லது 50 மைக்ரோஃபாரட் சிறு எலக்ட்ரோலைட்டிக்கை, அது குறைந்த அழுத்தத்தில்தானே இருக்கிறது என்று விட்டுவைத்தவர்களும் உண்டு. உலர்ந்துவிட்டால் ஒலியின் அளவு பளிச்செனக் குறையும்.

ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) காயில்களை மீண்டும் இசைவிக்க வேண்டுமா?

தாள் கெப்பாசிட்டர்கள் இசைவுச் சுற்றில் இல்லை, ஆகவே தேவையில்லை. நிலையங்கள் டயலில் தம் இடத்தில் வந்தால் அந்தத் திருகுகளைத் தொடாதீர்கள். சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் காதால் கேட்டுத் திருகி நல்ல பெட்டியைக் கெடுத்தவர்கள் ஏராளம். அந்தத் திருகுகளுக்குள் இருக்கும் ஃபெரைட் உள்ளகம் ஒருமுறை உடைந்தால் வெளியே எடுப்பதே பெரும்பாடு.

கழற்றிய பழையவற்றை எறிந்துவிடலாமா?

எல்லாம் சரியாக ஓடி ஒரு மாதம் ஆகும்வரை எறியாதீர்கள். ஏதேனும் ஓர் இடத்தில் அளவு தவறியதா என்ற சந்தேகம் வந்தால் பழையதே சாட்சி. நான் அவற்றை ஓர் உறையில் போட்டு, எந்த நாளில் எது எதை மாற்றினேன் என்று எழுதிய தாளையும் சேர்த்து, பெட்டியின் உட்புறத்தில் வால்வுகளின் சூடு படாத மூலையில் ஒட்டிவைக்கிறேன். இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் பின்மூடியைக் கழற்றுபவருக்கு அந்தத் தாள் தேவைப்படும்.